நல்ல சம்பளத்தில் இருக்கும் பனியன் கம்பெனி சூப்பர்வைசர் ஏன் வேலையை விட்டுச் சொந்தமாக மெஷின் போடுகிறார்?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். திருப்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் உங்கள் வீட்டுக்காரர் லைன் சூப்பர்வைசர், அதாவது ஒரு தையல் வரிசைக்குப் பொறுப்பாளர். மாதம் 28,000 ரூபாய் சம்பளம், பிஎஃப் பிடிக்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு எட்டு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் (கம்பெனி தரும் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது) எடுக்கப் போவதாகச் சொல்கிறார். "நன்றாக இருப்பவர்களும் ஏன் இப்படிக் கிளம்புகிறார்கள், அதில் அப்படி என்ன வருமானம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: அவர் சொல்லும் காரணத்தை நம்பிக் குடும்பம் இறங்கலாமா? பின்னலாடைச் சிறு யூனிட்டுகளுக்குத் திட்ட அறிக்கையும் வங்கிக் கணக்கும் தயாரிப்பது என் தொழில். அதை வைத்து இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

வருமானத்திலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் பலரும் நினைப்பதற்கு நேர்மாறாக இருப்பது அதுதான். அமெரிக்காவில் சொந்தத் தொழில் செய்பவர்களின் வருமானத்தை பார்ட்டன் ஹாமில்டன் என்ற பொருளாதார அறிஞர் ஆராய்ந்து 2000-ல் வெளியிட்டார். பத்து ஆண்டு தொழில் நடத்திய பிறகும், வரிசையின் நடுவில் நிற்கும் தொழில்முனைவோரின் வருமானம், அவரே அத்தனை ஆண்டு சம்பள வேலையில் இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட 35 சதவீதம் குறைவு. சிலர் பெரும் பணம் பார்த்தார்கள், பெரும்பாலானவர்கள் பார்க்கவில்லை. ஜெர்மனி, பிரிட்டன், சுவிட்சர்லாந்து தகவல்களை வைத்து பென்ஸ், ஃப்ரை என்ற இருவர் செய்த ஆய்வில், சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு வேலையில் மனநிறைவு கூடுதலாக இருந்தது. "என் வேலையை நானே தீர்மானிக்கிறேன்" என்ற உணர்வுதான் அதற்குக் காரணம் என்று அவர்கள் காட்டினார்கள். இவை மேலை நாட்டுத் தகவல்கள். அந்தச் சதவீதத்தை அப்படியே திருப்பூருக்குப் பொருத்த முடியாது. ஆனால் திசை ஒன்றுதான்: மனிதர்கள் பணத்துக்காக மட்டும் கிளம்புவதில்லை, கிளம்பியவர்களில் நடுவில் இருப்பவருக்குப் பணம் பெரிதாகக் கூடுவதும் இல்லை.

"ஏன் தொடங்கினீர்கள்?" என்று ஒரு முதலாளியைக் கேட்டால் வரும் பதிலை அளவோடுதான் நம்ப வேண்டும். தொழில் நிலைத்த பிறகு சொல்லும் காரணம் அது. நிலைக்காமல் மெஷினை விற்றுவிட்டு மறுபடி லைனில் உட்கார்ந்தவரை யாரும் பேட்டி எடுப்பதில்லை. அதனால் "துணிச்சல், உழைப்பு, சொந்தக் காலில் நிற்கும் ஆசை" என்று நாம் கேட்பதெல்லாம் தப்பிப் பிழைத்தவர்களின் சொற்கள். தோற்றவர்களுக்கும் அதே துணிச்சலும் உழைப்பும் இருந்திருக்கும்.

திருப்பூரில் தொழிலாளி முதலாளி ஆவது புதிதல்ல. 1970களின் பிற்பகுதியில் ஏற்றுமதி பிடித்த பிறகு ஊர் வளர்ந்ததே அப்படித்தான். 1990களில் இங்கே தங்கி ஆராய்ந்த ஷரத் சாரி, விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து கம்பெனியில் வேலை பார்த்த கவுண்டர்களில் பலர் எப்படி முதலாளிகள் ஆனார்கள் என்று விரிவாகக் காட்டியிருக்கிறார். அவர்கள் எல்லோரும் தங்கள் உழைப்பையே முதலாகச் சொன்னார்கள். ஆனால் உழைப்போடு சாதிச் சொந்தமும், ஊர்ப் பழக்கமும், கடனாகக் கிடைத்த துணியும் மெஷினும் சேர்ந்துதான் அந்தக் கதவு திறந்தது. அதே அளவு உழைத்த தலித் தொழிலாளர்களுக்கும் பெண் டெய்லர்களுக்கும் அந்தக் கதவு அவ்வளவு எளிதில் திறக்கவில்லை. இது முக்கியமானது. ஒருவர் ஏன் தொடங்குகிறார் என்பதில் பாதி, அவரால் ஏன் தொடங்க முடிகிறது என்பதுதான்.

அப்படிப் பார்த்தால் ஒரு சூப்பர்வைசர் கிளம்பும் நேரத்தில் பெரும்பாலும் மூன்று விஷயங்கள் ஒன்றாகக் கூடுகின்றன. முதலாவது, வேலையில் ஒரு கூரை தட்டுகிறது. தைக்கும் பீஸுக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட் கூலியில் 20 ஆண்டு அனுபவக்காரருக்கும் 2 ஆண்டு அனுபவக்காரருக்கும் ஒரே ரேட். நாற்பதைத் தாண்டினால் கண்ணும் இடுப்பும் வேகத்தைக் குறைக்கும், அப்போது அனுபவம் கூடக் கூட வருமானம் குறையும். சூப்பர்வைசர் ஆனவருக்கு அதற்கு மேல் ஏற அதிகம் படி இல்லை. டார்கெட் விழுந்தால் மேலே திட்டு, ஆள் வரவில்லை என்றால் கீழே கெஞ்சல். படித்த இளைஞர் ஒருவர் மேலே மேனேஜராக வந்து உட்காரும் நாளில் பலர் மனதுக்குள் ராஜினாமா எழுதிவிடுகிறார்கள். உங்கள் கேள்வியில் கடைசியாகப் போகிறபோக்கில் "புது மேனேஜர் வந்ததிலிருந்துதான் இந்தப் பேச்சு" என்று எழுதியிருந்தீர்கள். அதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மரியாதை ஒரு நியாயமான காரணம்தான். ஆனால் அது வேலையை விடுவதற்கான காரணம். யூனிட் தொடங்குவதற்கான காரணம் ஆகாது. அதற்கு வேறு கம்பெனியும் மருந்தாகலாம்.

இரண்டாவது, அவருக்குக் கணக்கின் ஒரு பகுதி தெரியும். வெளி யூனிட்டுக்குக் கம்பெனி என்ன ரேட் கொடுக்கிறது, டெய்லருக்கு என்ன ரேட் போகிறது, இரண்டும் சூப்பர்வைசர் கண்ணில் படும். நடுவில் இருக்கும் இடைவெளியைப் பார்த்து, அது முழுக்க லாபம் என்று மனம் போட்டுக்கொள்ளும். அந்த இடைவெளிக்குள் போகும் வாடகை, கரண்ட், தவணை, செக்கிங் கூலி, வேலையில்லாத நாட்கள், கெட்ட பீஸுக்காகக் கம்பெனி பில்லில் கழிக்கும் டெபிட் எதுவும் லைனில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மூன்றாவது, யாரோ ஒருவர் கை கொடுக்கிறார். மச்சான் இடம் தருகிறார், தெரிந்த மெஷின் கடைக்காரர் தவணைக்குத் தருகிறார், அல்லது கம்பெனியே "நீ வெளியே போய் யூனிட் போடு, ஆர்டர் நான் தருகிறேன்" என்கிறது. இந்தக் கடைசி வகையில் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். கம்பெனிக்கு இதில் தெளிவான லாபம் உண்டு: சீசன் இல்லாத மாதத்தில் ஆட்களுக்குச் சம்பளம் தர வேண்டாம், பிஎஃப் பொறுப்பு குறைகிறது, தரம் தெரிந்த ஆளே வெளியில் தைத்துத் தருகிறார். தவறு என்று சொல்லவில்லை. ஆனால் அப்போது தொழில் தொடங்கும் முடிவை அவர் மட்டும் எடுக்கவில்லை, வேலையில்லாத நாட்களின் சுமையை இன்னொருவர் அவர் தோளுக்கு மாற்றுகிறார் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது அந்த இடைவெளியைத் திறந்து பார்ப்போம். கீழே உள்ள எண்கள் கணக்குப் புரிவதற்காக நான் வைத்தவை. ஸ்டைலுக்கு ஸ்டைல், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தோள் டேப் வைத்த சாதாரண ரவுண்ட் நெக் டி-ஷர்ட் என்று கொள்வோம். நாலு ஓவர்லாக், இரண்டு பேட்லாக், இரண்டு சிங்கர், மொத்தம் எட்டு மெஷின். கம்பெனி பீஸுக்கு 23 ரூபாய் தருகிறது. டெய்லர்களுக்கு 15, நூல், ஊசி, ஆயிலுக்கு 1 போக 7 ரூபாய் நிற்கும். மாதச் செலவு: வாடகை 15,000. கரண்ட், ரிப்பேர், ஆட்டோ 5,000. ஐந்தரை லட்சம் கடனை 11 சதவீத வட்டியில் 4 ஆண்டில் கட்டினால் தவணை சுமார் 14,000. செக்கிங்குக்கு ஒருவர், கை மடிக்க ஒருவர், இருவருக்கும் 24,000. ஆக 58,000. இதை 7-ஆல் வகுத்தால் 8,286 பீஸ். அதுவரை தைப்பது செலவுக்குச் சரியாகப் போகும், உங்கள் வீட்டுக்கு ஒரு ரூபாய் வராது. இப்போது வாங்கும் 28,000-ஐ எட்டவே மாதம் சுமார் 12,300 பீஸ் வேண்டும். 25 வேலை நாள் என்றால் நாளொன்றுக்கு 491.

எட்டு மெஷினில் 491 பீஸ் வருமா? ஒரு டி-ஷர்ட் தைக்க எல்லா ஆபரேஷனும் சேர்த்து 7 நிமிடம், லைனின் திறன் 60 சதவீதம் என்று வைத்தால், ஒன்றரை ஷிஃப்ட் அதாவது 12 மணி நேரம் ஓடினால் 494 வரும். அதாவது எட்டு சீட்டும் நிரம்பி, ஒன்றரை ஷிஃப்ட், 25 நாளும் ஓடினால்தான் பழைய சம்பளத்துக்குச் சமம். ஒரே ஒரு வாரம், ஆறு நாள், துணி வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 19 நாளில் 9,329 பீஸ், கையில் நிற்பது 65,303. செலவு அதே 58,000. வீட்டுக்கு வருவது சுமார் 7,300 ரூபாய். பீஸ் ரேட்டில் ஐம்பது பைசா கூடுமா என்று பேரம் பேசுவதில்தான் எல்லோரும் கவனம் வைக்கிறார்கள். யூனிட்டைச் சாய்ப்பது பெரும்பாலும் மெஷின் சும்மா நிற்கும் நாட்கள்தான்.

அந்த நாட்கள் திறமைக் குறைவால் மட்டும் வருவதில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாய ஆலைகள் மூடியபோது, நன்றாகத் தைத்தவருக்கும் துணி வரவில்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது அடி முதலில் கம்பெனிகளுக்கு. ஆனால் ஆர்டர் சுருங்கினால் கம்பெனிகள் முதலில் நிறுத்துவது வெளியே கொடுக்கும் தையலைத்தான்.

அடுத்தது நடப்பு முதல். மெஷினுக்குப் பணம் புரட்டிவிட்டால் தொழில் தொடங்கிவிட்டது என்று நினைப்பது மிகப் பரவலான பிழை. டெய்லருக்குச் சனிக்கிழமை தவறாமல் கூலி தர வேண்டும். ஒரு சனிக்கிழமை தவறினால் திங்கள்கிழமை பாதி சீட் காலி. மேலே சொன்ன கணக்கில் வாரக் கூலி டெய்லர்களுக்கு 44,000, மற்ற இருவருக்கு 6,000, ஆக 50,000. கம்பெனி பணம் 45 நாளில் வந்தால் அதற்குள் ஆறரை வாரம் ஓடிவிடும். மூன்றே கால் லட்சம் கையில் இருக்க வேண்டும். 60 நாள் ஆனால் நாலே கால் லட்சம். வாடகையும் தவணையும் இதில் சேரவில்லை. இந்தப் பணம் இல்லாமல் தொடங்குபவர்கள் இரண்டாவது மாதமே வாரவட்டிக்குப் போகிறார்கள், பிறகு 7 ரூபாயில் இரண்டு, மூன்று ரூபாய் அங்கே போகிறது. வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டும் என்பதால் ஜிஎஸ்டி பதிவும் கட்டாயம். பில் போட்டதும் வரி கட்டும் கெடு ஓடத் தொடங்கும். பணம் வந்ததா என்று அங்கே கேட்க மாட்டார்கள். ஆள் எண்ணிக்கை பத்தைத் தொட்டால் இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) சட்டமும் வரும். மாதம் 21,000 வரை வாங்குபவர்களுக்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம். மேலே உள்ள கணக்கில் அதை நான் சேர்க்கவில்லை.

சட்டம் சிறு யூனிட்டின் பக்கம் இருக்கிறது, அதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, இலவசம், தரகருக்குப் பணம் தர வேண்டாம். பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டியாக. 2023-24 நிதியாண்டிலிருந்து, கெடுவைத் தாண்டி ஆண்டு முடியும்வரையும் தராத தொகையை, வேலை வாங்கிய நிறுவனம் அந்த ஆண்டு வருமான வரியில் செலவாகக் காட்டவும் முடியாது. மார்ச் மாதத்தில் பாக்கி கேட்கும்போது இதை நினைவூட்டலாம். ஆனால் ஒரே கம்பெனியை நம்பி இருப்பவர் புகார் மனு போட மாட்டார். போட்டால் மறுநாள் துணி வராது. சட்டம் பயன்படுவது இரண்டு, மூன்று கம்பெனிக்குத் தைப்பவருக்குத்தான்.

டெபிட் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் வீட்டுக்காரருக்கு உண்மையான பலம் இருப்பது இங்கேதான். தைத்துக் கொடுத்த சரக்கில் ஓட்டை, தையல் விட்டது, ஆயில் கறை, கலர் மாறியது என்று கம்பெனி பில்லில் கழித்துவிடும். கூலியை மட்டும் கழித்தால் 23 ரூபாய். துணியோடு சேர்த்துக் கழித்தால் நூறு ரூபாய்க்கு மேலும் போகலாம். அப்படி ஒரு பீஸ் போனால், அதை ஈடுகட்ட ஏழு ரூபாய் மீதமுள்ள பதினான்கு, பதினைந்து பீஸ் தைக்க வேண்டும். பெரும்பாலான கேடுகள் சின்னக் காரணத்தால் வருபவை. பின்னல் துணிக்கு முனை உருண்ட பால் பாயிண்ட் ஊசி போட வேண்டும். கூர் ஊசி நூலிழையை அறுக்கும், தைக்கும்போது தெரியாது, ஒரு சலவையில் ஓட்டை விரியும். ஊசி முனை மழுங்கினாலும் அதேதான், எனவே உடையும்வரை காத்திருக்காமல் மாற்ற வேண்டும். ஒரே கலரின் வெவ்வேறு ரோல் துணியில் சாயல் லேசாக மாறும். வெட்டிய துண்டுகளின் கட்டுக்குப் போட்ட பண்டில் நம்பர் கலந்துபோனால் உடம்பு ஒரு சாயல், கை ஒரு சாயல் ஆகிவிடும். துணி வந்த அன்றே பண்டிலை எண்ணி டிசியில் (சரக்கோடு வரும் டெலிவரி சலான்) எழுதி வாங்காவிட்டால், கட்டிங்கில் குறைந்த பீஸும் உங்கள் கணக்கில் ஏறும். லைனை நடத்தியவருக்கு இதெல்லாம் கைவந்த வேலை. பணம் மட்டும் போட்டு வரும் ஆளைவிட இவர் நிலைக்க வாய்ப்பு கூடுதல் என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம்.

அவர் சொல்லும் காரணம் "யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம்" என்பதாக இருந்தால், எட்டு மெஷின், ஒரே கம்பெனி என்ற திட்டம் அந்தக் காரணத்துக்கே பொருந்தாது. துணி எப்போது வரும், எப்போது முடிக்க வேண்டும், என்ன ரேட் எல்லாம் அங்கே தீர்மானமாகும். சம்பளமும் பிஎஃபும் இல்லாத சூப்பர்வைசர் வேலையாக அது முடியும். அவர் தேடுவது சுதந்திரம் என்றால் மெஷின் குறைவாகவும், துணி தரும் கம்பெனி குறைந்தது இரண்டாகவும் இருக்க வேண்டும். நாலு மெஷின், உள்நாட்டு வியாபாரி ஒருவர், ஏற்றுமதிக் கம்பெனி ஒன்று என்று தொடங்கலாம். நாற்பது வயதுக்குப் பிறகான பயம்தான் காரணம் என்றால், வீட்டோடு சேர்ந்த இடத்தில் வாடகை இல்லாமல் இரண்டு, மூன்று மெஷின் போதும். கணக்கில் வாடகையும் தவணையும் இல்லாதபோது வேலையற்ற வாரம் வலிக்கும், கவிழ்க்காது. பெரிதாகப் பணம் சேர்க்க வேண்டும் என்றால் தையல் கூலியில் அது வருவது அரிது. கட்டிங் முதல் பேக்கிங் வரை எடுத்து, துணியும் தானே வாங்கி, சொந்தச் சரக்காக விற்கும் இடத்தில்தான் லாபமும் நஷ்டமும் பெரிதாகும். அது வேறு முதல், வேறு தொழில்.

கடைசியாக உங்களைப் பற்றி. கடன் உங்கள் பெயரில் வாங்கலாம் என்று யோசனை சொல்லியிருப்பார்கள் அல்லது சொல்வார்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் (பிஎம்இஜிபி) பெண்களுக்கு மானியம் நகர்ப்புறத்தில் 25 சதவீதம், கிராமப்புறத்தில் 35 சதவீதம். பொதுப்பிரிவு ஆணுக்கு அது 15, 25. சொந்தப் பங்கு பெண்களுக்கு 5 சதவீதம், பொதுப்பிரிவு ஆணுக்கு 10. நல்ல சலுகைதான். ஆனால் மானியம் கையில் வராது. மூன்று ஆண்டு வங்கியில் தனி வைப்பாக இருந்து, யூனிட் ஓடுவதைப் பார்த்த பிறகே கடனில் சேரும். கணவன், மனைவி இருவரில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். ஏற்கனவே ஓடும் யூனிட்டுக்குக் கிடையாது, எனவே மெஷின் வாங்கிவிட்டு விண்ணப்பிக்கக் கூடாது. விண்ணப்பிக்கும் நாளில் என்ன விதி நடப்பில் இருக்கிறது என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் பெயரில் வாங்கினால் சட்டப்படி முதலாளி நீங்கள். ஜிஎஸ்டி நோட்டீஸும், செக் திரும்பினால் வழக்கும் உங்கள் பெயருக்குத்தான் வரும். அப்படியானால் செக் புத்தகம் உங்களிடம் இருக்கட்டும், டிசியும் பில்லும் உங்கள் கண்ணில் படட்டும். வெறுங்காகிதத்திலும் எழுதாத செக்கிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள்.

ராஜினாமாவுக்கு முன் அவர் பணிக்காலத்தையும் பாருங்கள். பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) வேண்டிய 5 ஆண்டு நிறைய ஓரிரு மாதம் இருந்தால் பொறுத்து முடிக்கலாம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 20,000 என்றால் 5 ஆண்டுக்குப் பணிக்கொடை சுமார் 57,700 ரூபாய், மேலே சொன்ன யூனிட்டின் ஒரு வாரக் கூலிச் செலவுக்கு மேல். பிஎஃப் ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டு பணி வேண்டும். ஒன்பதாவது ஆண்டில் இருப்பவர் எல்லாவற்றையும் எடுத்து மெஷினில் போடக் கூடாது. அவர் என்ன ஸ்டைல் தைக்க நினைக்கிறார், எத்தனை மெஷின், இடம் சொந்தமா வாடகையா, எந்த ரேட் பேசியிருக்கிறார், பணம் எத்தனை நாளில் என்று எழுதுங்கள். இதே கணக்கை உங்கள் எண்களில் போட்டுத் தருகிறேன்.